பந்தியில் மறக்கப்பட்டவர்கள்

(சபையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் எனக்குத் தலைப்பு ஒன்றும் தரவில்லை. ஒரு கேள்வியைத் தந்தார்கள். வாலிபர் கூட்டத்தில் ஒரு பிள்ளை கேட்டதாம். "இந்தியாவில் சாதியைப் பார்த்துப் பல்கலைக்கழக இடமும் அரசாங்க வேலையும் கொடுக்கிறார்களே, அது அநியாயம் இல்லையா? கடவுளுக்கு முன்பாக எல்லோரும் சமம் என்று சொல்லுகிற கிறிஸ்தவர்கள் அதை ஏற்றுக்கொள்ளலாமா?"

நல்ல கேள்வி. கேட்ட பிள்ளையை நான் பாராட்டுகிறேன். எங்களில் ஈழத்திலிருந்து வந்த பெரியவர்களுக்கு "ஒதுக்கீடு" என்ற சொல் காதில் விழுந்தவுடனே "தரப்படுத்தல்" என்ற சொல் நினைவுக்கு வரும் என்பதும் எனக்குத் தெரியும். அதைத் தாண்டிப் போக மாட்டேன். வர வேண்டிய இடத்தில் அதற்கு வருவேன்.

முதலில் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் மெற்றோவில் போகிறவர்கள். மொன்றியல் மெற்றோ 1966ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அப்போது நிலையங்களில் படிகள் இருந்தன, ஓடும் படிகள் இருந்தன, லிப்ட் இருக்கவில்லை. "படி எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருக்கிறது, யாரையும் ஏறக்கூடாது என்று நாங்கள் தடுக்கவில்லையே" என்று கட்டியவர்கள் சொல்லியிருக்கலாம். ஆனால் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்தப் பொதுவான படி ஒரு சுவர். பல வருடங்களுக்குப் பிறகுதான் ஒவ்வொரு நிலையமாக லிப்ட் வைத்து வருகிறார்கள். இன்னும் எல்லா நிலையங்களிலும் வரவில்லை. லிப்ட் வைத்தது அந்த மனிதர்மேல் காட்டிய இரக்கமா? இல்லை. கட்டும்போது அவரை மறந்துவிட்டார்கள், மறந்ததைத் திருத்துகிறார்கள். இன்றைக்கு அதே லிப்டில் குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிற தாயும் ஏறுகிறார், முழங்கால் வலிக்கிற எங்கள் அம்மம்மாவும் ஏறுகிறார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வேதாகமத்துக்கு வருவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம். எருசலேமில் முதல் சபை. பெந்தெகொஸ்தே நாளின் அனல் இன்னும் ஆறவில்லை. எல்லோரும் ஒருமனமாக இருந்தார்கள், எல்லாவற்றையும் பொதுவாக வைத்து அனுபவித்தார்கள் என்று அதற்கு முந்தைய அதிகாரங்களில் வாசிக்கிறோம். அப்படிப்பட்ட சபையில் ஒரு முறுமுறுப்பு எழும்புகிறது. கிரேக்க மொழி பேசுகிற விசுவாசிகளின் விதவைகளுக்கு அன்றாட உணவுப் பங்கீட்டில் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. எபிரெய மொழி பேசுகிற விதவைகளுக்குக் கிடைக்கிறது.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? "கிறிஸ்துவுக்குள் கிரேக்கன் என்றும் யூதன் என்றும் இல்லை, பிரித்துப் பேசாதீர்கள்" என்று அவர்களின் வாயை அடைத்தார்களா? இல்லை. முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். பந்தியை விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையைக் கேட்டார்கள். அந்த ஏழு பேருடைய பெயர்களையும் வாசித்துப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். பந்தியில் மறக்கப்பட்ட பக்கத்தின் கையிலேயே சபை அகப்பையைக் கொடுத்தது. தகுதியையும் விட்டுவிடவில்லை. நற்சாட்சியும் பரிசுத்த ஆவியும் ஞானமும் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றார்கள். அந்தத் தகுதி உள்ளவர்கள் அந்தப் பக்கத்திலும் இருந்தார்கள். தேடிப் பார்த்தபோது கிடைத்தார்கள். அடுத்த வசனத்திலேயே, தேவவசனம் பெருகியது, சீஷருடைய எண்ணிக்கை வளர்ந்தது என்று எழுதியிருக்கிறது. பந்தி திருத்தப்பட்டதால் சபை உடையவில்லை, வளர்ந்தது.

இட ஒதுக்கீடு என்பதை நான் இந்த அதிகாரத்தின் வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். யார் பந்தியில் விடுபட்டார் என்று கேட்டு, விடுபட்டவருக்கு இடம் வைப்பது.

இனித் தமிழ்நாட்டுக்குப் போவோம். நூறு வருடங்களுக்கு முன் சென்னை மாகாணத்தில் அரசாங்க உத்தியோகங்களில் பெரும்பங்கு எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு சமூகத்திடம் இருந்தது. நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்து 1921இல் வகுப்புவாரி அரசாணையைப் பிறப்பித்தது. 1920களின் பிற்பகுதியில் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். உத்தியோகங்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டில் 5 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, 2 பிராமணருக்கு, 2 முஸ்லிம்களுக்கு, 2 ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும், 1 தாழ்த்தப்பட்டவர்களுக்கு. கவனியுங்கள், கிறிஸ்தவர்களும் அந்தப் பந்தியில் இருந்தார்கள். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் முதல் தலைமுறை உத்தியோகத்தர்கள் சிலர் அந்த வழியாக உள்ளே போனவர்கள். ஒதுக்கீடு எங்களுக்குத் தொடர்பில்லாத காரியம் என்று நாங்கள் சொல்ல முடியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1951இல், செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டில் இந்திய அரசியலமைப்புக்கு முதலாவது திருத்தம் வந்தது; பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற விதி எழுதிச் சேர்க்கப்பட்டது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் 100 இடங்களில் 69 ஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. மீதி 31 இடங்களுக்கு எல்லோரும் போட்டியிடலாம்.

2007இல் முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். முஸ்லிம்களுடையது நிலைத்தது. கிறிஸ்தவர்களுடையதை அடுத்த ஆண்டே கிறிஸ்தவத் தலைவர்களின் வேண்டுகோளின்படி அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. தனியாகப் பிரித்ததில் முன்பு கிடைத்ததைவிடக் குறைவாகக் கிடைக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஒதுக்கீட்டுக்குள்ளேயும் பந்தியில் பின்னால் நிற்கிறவர்கள் உண்டு. பட்டியல் சாதியினரில் மிகவும் பின்தள்ளப்பட்ட அருந்ததியருக்கு அந்த 18க்குள் 3 இடங்களை 2009இல் தனியாக வைத்தார்கள். அரசுப் பாடசாலைகளில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரிகளில் 7.5 வீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஆகவே இது ஒரு தடவை எழுதிப் பூட்டி வைத்த கணக்கு அல்ல. இன்னும் யார் விடுபட்டார் என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிய கணக்கு.

இப்போது இந்தப் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இது கிறிஸ்தவர்களாகிய எங்களை நேராகத் தொடுகிறது.

சென்னையில் சூசை என்று ஒருவர் இருந்தார். சூசை என்றால் யோசேப்பு. கத்தோலிக்கக் குடும்பங்களில் வழங்கும் பெயர். ஆதிதிராவிட சமூகத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். தெருவோரத்தில் இருந்து செருப்புத் தைப்பது அவருடைய தொழில். தெருவோரம் தொழில் செய்கிற பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்குச் சிறு பெட்டிக்கடைகளை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் ஒன்றை அரசு கொண்டுவந்தது. வெயிலிலும் மழையிலும் இருக்கிறவருக்கு ஒரு கூரை. சூசைக்குக் கிடைக்கவில்லை. அதே தொழில், அதே தெரு, அதே சமூகம். அவர் கிறிஸ்தவர் என்பதுதான் வித்தியாசம்.

ஏன் அப்படி? 1950ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் திகதி இந்தியக் குடியரசுத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். யார் யார் பட்டியல் சாதியினர் என்று சொல்லும் ஆணை அது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்கிறது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சில கல்வி உதவித்தொகைகளையும் மாநில அரசு அவர்களுக்குத் தருகிறது. ஆனால் பட்டியல் சாதியினருக்கான 18இல் அவர்களுக்குப் பங்கில்லை. பட்டியல் சாதியினருக்கென்று ஒதுக்கப்பட்ட தேர்தல் தொகுதிகளில் போட்டியிட முடியாது. சாதிக் கொடுமைக்கு ஆளானால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தருகிற பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. அடிக்கிறவன் ஞானஸ்நான அட்டையைப் பார்த்துவிட்டு அடிப்பதில்லையே!

சூசை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1985இல் தீர்ப்பு வந்தது. அவர் தோற்றார். நீதிமன்றம் சொன்ன காரணத்தைப் பெரியவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. இந்து சமூகத்தில் இருந்தபோது அனுபவித்த அதே கடுமையோடு அந்தக் கொடுமை கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் தொடர்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை. இதுதான் தீர்ப்பின் சாரம்.

அன்பானவர்களே, இதன் பொருள் என்ன? செருப்புத் தைக்கிற ஒரு சகோதரன் தனக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்றால், "என் சபையும் என்னைத் தள்ளித்தான் வைத்திருக்கிறது" என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியது சபை. சபை வாய் திறந்து உண்மையைச் சொன்னால் அவமானம். சொல்லாமல் மறைத்தால் அந்தச் சகோதரன் இழப்பதற்கு அளவில்லை.

உண்மை என்ன? சரித்திரம் தெரிந்தவர்களுக்கு அது புதிதல்ல. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706இல். அதற்குப் பிறகு நூறு வருடங்களுக்கு மேலாகப் பல சபைகளில் சாதியாருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு வேறு பக்கம் என்றுதான் இருந்தது. 1833இல் கல்கத்தாவின் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சாதியை விட மனமில்லாதவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். நாங்கள் இன்றும் கண்ணீரோடு பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே, சாதி வழக்கத்தில் மிஷனரிமார் கைவைக்கக்கூடாது என்று வாதாடி எழுதியவர். அவருடைய பாடல்களை நாங்கள் தொடர்ந்து பாடுவோம். அவை கர்த்தருக்கென்று எழுதப்பட்டவை. ஆனால் இப்படிப்பட்ட ஒரு பக்தனுடைய கண்ணுக்கே சாதி தவறாகத் தெரியவில்லை என்றால், அது எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இது பழைய கதை மட்டுமல்ல. திருச்சிராப்பள்ளி மேலப்புதூரில் உள்ள கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் எழுப்பி, ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்களையும் மறுபக்கம் மற்றவர்களையும் அடக்கம் செய்தார்கள். அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள், சமமாக நடத்த முடியாவிட்டால் எங்களுக்குத் தனிப் பங்கையாவது தாருங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச் மாதத்தில் அங்கே கலவரம் மூண்டு, பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதைச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் தேவைப்பட்டிருக்கும்.

இதனால் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் இரண்டு பெயர்களோடு வாழ்கின்றன. பாடசாலைச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவில் வேறு பெயர். ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நிற்கிற பிள்ளை, திங்கட்கிழமை விண்ணப்பப் படிவத்தில் "இந்து" என்று எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளையைக் கோழை என்று ஏசுவது எளிது. பேதுரு மறுதலித்ததுபோல மறுதலிக்கிறான் என்று பிரசங்கமும் பண்ணலாம். ஆனால் ஒருவனுடைய படிப்பை எடுத்து அவனுடைய விசுவாசத்துக்கு எதிர்த்தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கிற தராசை யார் செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான ஆணைக்குழு, அந்த மூன்றாவது பத்தியை நீக்கும்படி 2007இல் பரிந்துரைத்தது. உச்ச நீதிமன்றத்தில் 2004 முதல் வழக்கு இருக்கிறது. 2022இல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணைக்குழுவை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபை, கிறிஸ்தவர்களான ஆதிதிராவிடருக்கும் அந்த உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

"அது இந்தியக் கதை, எங்களுக்கென்ன?" என்று யாழ்ப்பாணத்தாராகிய நாங்கள் சாய்ந்து உட்காரக்கூடாது. இலங்கையில் சாதி வாரியான ஒதுக்கீடு ஒருபோதும் இருந்ததில்லை. சாதி இருக்கவில்லையா? எங்கள் தாத்தா, பூட்டன் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்க முடியாது. நிலத்தில் இருந்தார்கள், அல்லது வெளியே நின்று கேட்டார்கள். 1920களின் முடிவில், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அதைப் பொறுக்காதவர்கள் பாடசாலைகளுக்கே தீ வைத்தார்கள். ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதைவிடப் பாடசாலை எரிவது மேல் என்று நினைத்தார்கள்! அந்த நாட்களில் சம ஆசனத்துக்காகவும் சமபந்திக்காகவும் நின்றவர்கள் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இளைஞர்கள். அவர்களில் முன்னின்ற ஹன்டி பேரின்பநாயகம் ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். யாக்கோபு தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பேசுவதும் ஆசனத்தைப் பற்றித்தான். நல்ல உடுப்புக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் கால்மாட்டில் இடம் என்றால், நீங்கள் தகாத நியாயாதிபதிகள் என்கிறார்.

இப்போது தரப்படுத்தலுக்கு வருகிறேன். 1971இல் மருத்துவ பீடத்துக்கு நுழைய, 400 புள்ளிகளில் தமிழ் மொழியில் எழுதியவருக்கு 250 தேவைப்பட்டது. சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 போதும். பிறகு 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அந்த 21 புள்ளிகளின் காயம் இந்த மண்டபத்தில் இருக்கிற குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. நான் அதைச் சிறிதாக்கவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டக்கூடாது. மொழியை வைத்துப் போட்ட புள்ளிக் கணக்கு, யார் விடுபட்டார் என்று கேட்கவில்லை. கொழும்பில் சகல வசதியோடும் படித்த சிங்களப் பிள்ளைக்கும் அது உதவியது. மலையகத்து லயத்திலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளையையும் அது தண்டித்தது. மாவட்ட ஒதுக்கீடு அப்படியல்ல. அதில் யாழ்ப்பாணம் இழந்தபோது மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலர் முதன்முறையாகப் பல்கலைக்கழக வாசலை மிதித்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. மாவட்டக் கணக்கில் யாழ்ப்பாணம் முன்னேறிய மாவட்டம். 1930இல் வாங்கு மறுக்கப்பட்ட பிள்ளையின் பேரனும் அதே யாழ்ப்பாணத்தில்தான் இருந்தான். அவனுடைய வீட்டில் புத்தகமும் இல்லை, விளக்கும் இல்லை. கணக்கு அவனையும் முன்னேறியவன் என்றே எழுதியது. அநியாயம் எங்களுக்கு நடந்தபோது நாங்கள் உலகமெல்லாம் கேட்கும்படி சொன்னோம், சொன்னது சரி. எங்களுக்குள் நடந்ததையும் அதே குரலில் சொல்லியிருந்தால் எங்கள் நியாயம் இன்னும் உறுதியாக நின்றிருக்கும்.

"அப்படியென்றால் திறமை?" என்று வாலிபர்கள் கேட்பீர்கள். திறமை வேண்டும். ஏழு பேருக்கும் ஞானம் வேண்டும் என்றுதான் அப்போஸ்தலரும் கேட்டார்கள். ஒதுக்கீட்டில் நுழைந்த மாணவனும் அதே சோதனைகளை எழுதித்தான் வைத்தியராக வெளியே வருகிறான். சித்தியடையாவிட்டால் அவனுக்கும் பட்டம் இல்லை. ஒதுக்கீடு வாசலைத்தான் திறக்கிறது, பட்டத்தைக் கையில் கொடுப்பதில்லை. தனி வகுப்பும் தனி அறையும் இருந்து 95 எடுத்த பிள்ளையையும், மாலையில் வேலைக்குப் போய்விட்டு வந்து 85 எடுத்த பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யாருக்குத் திறமை கூட என்று இலக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. "வசதியானவர்களும் சாதியின் பெயரால் இடத்தைப் பிடிக்கிறார்களே" என்பதும் நியாயமான குறை. அந்தக் குறைக்கு மருந்து, அருந்ததியருக்குச் செய்ததுபோல ஒதுக்கீட்டை இன்னும் நுணுக்கமாக்குவது. லிப்டில் படி ஏறக்கூடியவர்களும் ஏறுகிறார்கள் என்று சொல்லி லிப்டை மூடிவிடுவோமா?

கனடாவிலும் இதே எண்ணத்தின் வேறொரு வடிவம் உண்டு. 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனம், 15ஆம் பிரிவில் எல்லோரும் சமம் என்று சொன்ன கையோடு, பின்தங்கிய நிலையில் உள்ளவர்களை உயர்த்தும் திட்டங்களை அந்தச் சமத்துவம் தடுக்காது என்றும் சொல்கிறது. 1986இல் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் வந்தது. பெண்கள், பூர்வகுடிகள், உடற்குறை உள்ளவர்கள், வெள்ளையரல்லாத சிறுபான்மையினர் என்று நான்கு பிரிவினரை அது பெயர் சொல்லிக் கவனிக்கிறது. இந்தியாவைப் போல இத்தனை இடம் என்று ஒதுக்குவதில்லை. வேலை கொடுப்பவர் இலக்கு வைத்து முயற்சி செய்ய வேண்டும். கியூபெக்கிலும் பொது நிறுவனங்களுக்கு இப்படியொரு சட்டம் இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, நீங்கள் சிறுபான்மையினரா என்று கேட்டு ஒரு சிறு கட்டம் இருக்குமே, அதில் புள்ளடி போடுகிறவர்கள் நாங்கள். போடலாம், அது எங்கள் உரிமை. ஆனால் இங்கே புள்ளடி போட்ட அதே கையால், அங்கே ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகள் ஒதுக்கீட்டில் படிக்க வருவதை "சலுகை" என்று தள்ளிவிடக்கூடாது.

சாதி கடல் தாண்டி வந்திருக்கிறது என்பதையும் இந்த நாடு கவனித்துவிட்டது. 2023 மார்ச்சில் ரொறன்ரோ கல்விச் சபை பாடசாலைகளில் சாதிப் பாகுபாட்டைப் பற்றி நடவடிக்கை எடுக்கத் தீர்மானித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு, சாதிப் பாகுபாடு மனித உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று அறிவித்தது. அவர்கள் சொல்லித்தான் நாங்கள் திருந்த வேண்டுமா?

ஆகவே இந்த ஆண்டு விழாவில் சபையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று. புதிதாக ஒரு குடும்பம் வந்தால் "ஊரில எவ்விடம்? எந்தப் பக்கம்? ஆற்றை பிள்ளை?" என்று துருவுவதை நிறுத்துவோம். இந்தக் கேள்விகளின் அடியில் எந்தக் கேள்வி இருக்கிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். பிள்ளைகளுடைய கலியாணப் பேச்சில் விசுவாசத்தையும் குணத்தையும் விசாரித்த பிறகு, மூன்றாவதாக ஒன்றை மெல்லிய குரலில் விசாரிப்பதையும் நிறுத்துவோம். மெல்லிய குரலில் கேட்க வேண்டியிருக்கிறது என்பதே அது தவறு என்பதற்குச் சாட்சி.

இரண்டு. சபைக் குழுக்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும்போது, இதுவரை யார் அழைக்கப்படவில்லை என்று பெயர் பெயராகப் பார்ப்போம். புதிதாக வந்த அகதிக் குடும்பங்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், மலையகத்தார், பிரெஞ்சில் மட்டும் சரளமாகப் பேசுகிற பிள்ளைகள். அகப்பையை அவர்கள் கையிலும் கொடுப்போம்.

மூன்று. இந்தியச் சபைகள் ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 10ஆம் திகதியைக் கறுப்பு நாளாக நினைவுகூருகின்றன. அதற்கு அண்மையில் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், ஞானஸ்நானம் பெற்றதற்காக உரிமை இழந்த அந்தச் சகோதரருக்காக நாங்களும் ஒரு ஜெபம் ஏறெடுப்போம். ஜெபிக்கிற காரியத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கியும் சொல்வோம்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என் பதில் இது. கடவுளுக்கு முன்பாக எல்லோரும் சமம். அதனால்தான் மனிதர் போட்ட பந்தியில் யாராவது விடுபட்டால் கிறிஸ்தவன் சும்மா இருக்க முடியாது. ஒதுக்கீடு என்றென்றைக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எருசலேம் சபையில் அந்த முறுமுறுப்பு எழுந்ததற்குக் காரணம் விதவைகளின் பசி. பசி தீரும்வரை பங்கீட்டைக் கவனித்துத்தான் ஆக வேண்டும். சாதி கேட்காத ஊரும், சாதி கேட்காத சபையும், சாதி கேட்காத கலியாணமும் வரும் நாளில் ஒதுக்கீட்டைப் பற்றிப் பேச வேண்டிய தேவையும் இராது. அந்த நாளைச் சட்டம் மட்டும் கொண்டுவராது. இந்தச் சபையில் இருக்கிற நாங்களும் கொண்டுவர வேண்டும்.

 இந்தச் சபையை இதுவரை நடத்தி வந்த தேவன் இனியும் நடத்துவாராக. ஆமென்.